புழுத்தலும் ஈயும்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டார வாழ்நிலையில் ஈப்புழுத் தாக்கம் – ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

உயிருள்ள மனித உடலிலும் விலங்குடலிலும் ஈக்களின் இளம்புழுக்கள் தங்கி, அவ்வுடலின் திசுவை உண்டு வளர்வது ஈப்புழுத் தாக்கம் ஆகும். ‘புண் புழுத்தது’ என்னும் தமிழ் வழக்கு, புழு புண்ணிலிருந்தே தோன்றுவதாகக் காட்டி, முட்டையிட்ட ஈயை மறைத்துவிடுகிறது. இதனால் நோயுற்றவர் அழுக்குடையவர், தீவினையாளர் என்னும் இழிவுக்கு ஆளாகிறார், மருத்துவமும் தாமதப்படுகிறது. ஆனால் இந்தியாவில் இந்நோயை உண்டாக்கும் முதன்மை ஈ அழுகலை நாடுவதன்று. உயிருள்ள திசுவையே நாடுவது. இவ்வேறுபாட்டை அறிவியல் வரலாற்றின் துணைகொண்டு விளக்கி, கால்நடை வளர்ப்பும் தொழிற்சாலை வேலையும் ஒரே நிலப்பரப்பில் அமைந்த திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தின் வாழ்நிலையோடு அதனைப் பொருத்திக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச் சொற்கள்: ஈப்புழுத் தாக்கம், திருகுப்புழு ஈ, கிரைசோமியா பெசியானா, புண் பராமரிப்பு, கால்நடை, கும்மிடிப்பூண்டி

முன்னுரை

தமிழில் ‘புழுத்தல்’ என்பது தன்வினை. அரிசி புழுத்தது, பழம் புழுத்தது, புண் புழுத்தது என்னும் தொடர்களில் எழுவாயாக நிற்பவை அரிசியும் பழமும் புண்ணுமே. செய்தவர் எவரும் இத்தொடர்களில் இல்லை; புழு அப்பொருளுக்குள்ளிருந்தே தோன்றியது என்னும் கருத்து, வினையின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது. ‘புழுத்துச் சாவாய்’ என்னும் வசைமொழி இக்கருத்தை மேலும் ஒரு படி கொண்டுசென்று, புழுவைத் தீவினையின் பயனாக்குகிறது.

மண், தண்டசக்கரம், குயவன் என்னும் மூன்றையும் காட்டி முதற்காரணம், துணைக்காரணம், நிமித்த காரணம் ஆகியவற்றை விளக்குவது தமிழ்த் தத்துவ மரபு. அம்மரபின் சொல்லிலேயே கூறுவதாயின், புழுத்தல் என்னும் வழக்கு புண்ணையே முதற்காரணமாக்கி, நிமித்த காரணமாகிய ஈயை முற்றிலும் விலக்கிவிடுகிறது எனலாம். குயவனின்றிக் குடம் தோன்றியதாகக் கூறுவதைப் போன்றது இது.

மருத்துவத் துறையின் கலைச்சொல்லோ இதற்கு நேர்மாறானது. 1840ஆம் ஆண்டு பிரடரிக் வில்லியம் ஹோப் என்னும் ஆங்கிலப் பூச்சியியலாளர் இந்நோய்க்கு ‘மையாசிஸ்’ எனப் பெயரிட்டார். ஈ எனப் பொருள்படும் ‘மையா’ என்னும் கிரேக்கச் சொல்லே அதன் வேர். அப்பெயர் ஈயைச் சுட்டுகிறது. நம் வழக்கோ புழுவை மட்டும் சுட்டுகிறது. ஈயும் புழுவும் ஒருங்கே விளங்கும்பொருட்டு இக்கட்டுரையில் ‘ஈப்புழுத் தாக்கம்’ என்னும் சொல் ஆளப்படுகிறது.

புழு எங்கிருந்து வருகிறது?

அழுகும் ஊனிலிருந்து புழு தானே தோன்றும் என்னும் நம்பிக்கை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் நெடுங்காலம் அது நிலவியது. 1668ஆம் ஆண்டு இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி ஓர் எளிய சோதனையால் அதனை மறுத்தார். இறைச்சி இடப்பட்ட கலன்களுள் சிலவற்றைத் திறந்து வைத்தார், சிலவற்றை மூடினார். திறந்த கலன்களில் புழு தோன்றியது, மூடியவற்றில் தோன்றவில்லை. மெல்லிய வலைத்துணியால் மூடியபோது ஈக்கள் துணியின்மீது மொய்த்தன. உள்ளிருந்த இறைச்சியோ புழுவின்றியே அழுகியது. இறைச்சி புழுவுக்கு உணவு மட்டுமே என்பதும் புழு ஈயின் முட்டையிலிருந்தே வருகிறது என்பதும் இதனால் நிறுவப்பட்டன.

ஈப்புழுத் தாக்கத்தைத் தடுக்கும் முறை முழுவதும் இச்சோதனைக்குள் அடங்கியுள்ளது. ரெடியின் வலைத்துணி செய்த பணியையே புண்ணின்மேல் கட்டப்படும் துணி செய்கிறது. மூடிய புண் அழுகக்கூடும், சீழ் பிடிக்கக்கூடும், ஆனால் ஈ அணுகாதவரை அதில் புழு வைப்பதில்லை.

மூவகை ஈக்கள்

உடலில் புழு வைக்கும் ஈக்களை அவற்றின் வாழ்முறை நோக்கி மூவகைப்படுத்துவது மரபு. உயிருள்ள உடலின்றிப் புழுப்பருவத்தைக் கடக்க இயலாதவை முதல்வகை. இவை கட்டாய ஒட்டுண்ணிகள். பிணம், கழிவு ஆகியவற்றில் வளரக்கூடியவையாயினும் வாய்ப்பு நேரும்போது புண்ணிலும் வளர்பவை இரண்டாம் வகை. உணவுடன் விழுங்கப்படுதல் போன்றவற்றால் தற்செயலாக உடலுக்குள் சேர்பவை மூன்றாம் வகை.

முதல்வகையைச் சேர்ந்த கிரைசோமியா பெசியானா, பழைய உலகத் திருகுப்புழு ஈ என அழைக்கப்படுகிறது. பசுமையும் நீலமும் கலந்து உலோகம்போல் மின்னும் உடலுடையது. 1914ஆம் ஆண்டு வில்னேவ் என்னும் பிரெஞ்சு ஈயியலாளர் இதனை விவரித்துப் பெயரிட்டார். ஆப்பிரிக்கா, இந்தியா, தென்கிழக்கு ஆசியா ஆகிய நிலப்பகுதிகளில் இது வாழ்கிறது. செம்மறியாடு, வெள்ளாடு ஆகியவற்றின் மூக்குத்துளையில் இளம்புழுக்களை இடும் ஆட்டு மூக்கு ஈயும் கட்டாய ஒட்டுண்ணியே. அது முட்டையிடுவதில்லை, பறந்தவாறே உயிருள்ள புழுக்களைப் பீய்ச்சுகிறது. ஆடு மேய்ப்போர் கண்ணிலும் அது சிலவேளை அவ்வாறு செய்வதுண்டு.

திருகுப்புழு ஈயின் நெருங்கிய உறவினமான கிரைசோமியா மெகாசெபலா இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மலம், இறைச்சிக் கழிவு, செத்த விலங்கு, வெயிலில் உலரும் மீன் ஆகியவற்றில் அது முட்டையிடுகிறது. கருவாடு காயும் கடற்கரை ஊர்களில் மொய்க்கும் பச்சை ஈக்களுள் அதற்கு முக்கிய இடமுண்டு. தோற்றத்தில் இவ்விரு ஈக்களையும் பிரித்தறிதல் பயிற்சியுடையவர்க்கும் எளிதன்று. அழுக்கிலிருந்து வந்த ஈயே புண்ணில் புழு வைத்தது என்னும் பொதுமக்கள் கருத்துக்கு இவ்வொற்றுமையும் ஒரு காரணமாகலாம்.

சென்னை மாகாணமும் பேட்டனின் பணியும்

இந்தியப் புண்களில் காணப்படும் புழு எந்த ஈயினுடையது என்னும் வினாவுக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் டபிள்யூ. எஸ். பேட்டன். 1899இல் நிறுவப்பட்ட கிண்டி கிங் நிறுவனத்தில் பணியாற்றிய இவர், எப். டபிள்யூ. கிராக் என்பவருடன் இணைந்து 1913ஆம் ஆண்டு மருத்துவப் பூச்சியியலுக்கு ஒரு பெரும் பாடநூலை எழுதினார். இந்தியக் கிறித்தவ இலக்கியச் சங்கம் அதனை வெளியிட்டது.

1920ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆய்விதழில் பேட்டன் வெளியிட்ட கட்டுரை, இந்தியாவில் மனிதர்க்கும் விலங்குகளுக்கும் தோல்வழி ஈப்புழுத் தாக்கத்தை உண்டாக்கும் பொதுவான ஈ கிரைசோமியா பெசியானாவே என்று காட்டியது. இதன் புழுக்கள் உயிருள்ள திசுவிலேயே வளர்கின்றன என்பதும் அவருடைய ஆய்வுகளால் தெளிவுபெற்றது. மாட்டின் கழுத்துப்புண்ணில் நெளிவதும் மனிதரின் மூக்கில் நெளிவதும் ஒரே ஈயின் புழு என்னும் உண்மை, மனித மருத்துவத்தையும் கால்நடை மருத்துவத்தையும் இந்நோயில் பிரித்து நோக்க இயலாது என்பதை அன்றே உணர்த்தியது.

இழிவு என்னும் சிக்கலுக்கும் இங்கேயே விடை உண்டு. திருகுப்புழு ஈ புண்ணின் அழுக்கைத் தேடி வருவதில்லை. புதிய குருதியும் உயிருள்ள ஊனும் அதற்குப் போதும். உண்ணி கடித்த சிறு புள்ளி, புதிதாய்ப் பிறந்த கன்றின் தொப்புள், மூக்கணாங்கயிறு உரசிய இடம் ஆகியவையும் அதற்கு இடமாகின்றன. ஆகவே புழு வைத்த புண் தூய்மையின்மைக்குச் சான்றாகாது. மூடப்படாமல் இருந்தமைக்கே சான்றாகும்.

வாழ்க்கைச் சுழற்சியும் காலக் கணக்கும்

பெண் ஈ பெரும்பாலும் பிற்பகலில் புண்ணின் உலர்ந்த விளிம்பில் ஏறத்தாழ 100 முதல் 250 வரையிலான முட்டைகளை ஒரே திரளாக ஒட்டவைக்கிறது. வெண்ணிறமான இத்திரள், புண்ணோரத்தில் அரிசிக்குருணை படிந்ததுபோல் தோன்றும். நம் வெப்பநிலையில் ஒரு நாளுக்குள் முட்டைகள் பொரிகின்றன. புழுக்கள் தலை உள்நோக்கியும் வால் வெளிநோக்கியும் இருக்குமாறு ஊனைத் துளைத்து இறங்குகின்றன. உடலைச் சுற்றியுள்ள முள்வரிசைகள் திருகாணியின் புரிபோல் அமைந்திருப்பதால் ‘திருகுப்புழு’ என்னும் பெயர் ஏற்பட்டது. வாய்க்கொக்கிகளால் திசுவைக் கிழித்து உண்ணும் இவை, வாற்பகுதியிலுள்ள மூச்சுத்துளைகள் வழியாகச் சுவாசிக்கின்றன.

ஆறு அல்லது ஏழு நாள்களில் முழு வளர்ச்சியுற்ற புழுக்கள் புண்ணிலிருந்து தரையில் விழுந்து, மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாகின்றன. வெப்பக் காலத்தில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈ வெளிப்படுகிறது. புழு நெளியும் புண்ணிலிருந்து வெளிப்படும் வாடை மேலும் பல ஈக்களை ஈர்க்கிறது. ஆகவே ஒரே புண்ணில் பல வயதுப் புழுக்கள் ஒருங்கே காணப்படும். திசு இறந்து அழுகத் தொடங்கியபின் இரண்டாம் வகை ஈக்களும் வந்து சேர்கின்றன. மருத்துவமனைக்கு நோயாளி வரும்போது காணப்படும் அழுகலும் துர்நாற்றமும் பெரும்பாலும் புழுவின் விளைவுகளே. அவையே புழுவுக்குக் காரணம் எனக் கருதுவது, விளைவைக் காரணமாகக் கொள்வதாகும்.

இக்காலக் கணக்கு நடைமுறையில் பெரிதும் பயனுடையது. முட்டை நிலையில் புண்ணோரத்தைத் துடைத்து மூடினால் நோயே இல்லை. இரண்டாம் நாளில் சிறு புழுக்களை எளிதில் அகற்றலாம். ஐந்தாம் நாளிலோ புண் ஆழ்ந்த குழியாகிவிடுகிறது. மூக்கு, காது, கண்குழி ஆகியவற்றில் நேர்ந்தால் எலும்பையும் மூளையையும் அணுகி உயிருக்கே ஊறாகலாம்.

கும்மிடிப்பூண்டி வட்டாரம்

சென்னைக்கு வடக்கே கொல்கத்தா நெடுஞ்சாலையிலும் கூடூர் இருப்புப்பாதையிலும் அமைந்த கும்மிடிப்பூண்டி, சிப்காட் தொழில் வளாகத்தால் அறியப்படுவது. ஆயினும் அது தொழிற்சாலைகளால் மட்டும் ஆன ஊரன்று. ஆரணியாற்றுப் பாசனம் பெறும் பொன்னேரிப் பகுதி நெல்வயல்கள், மேய்ச்சல் நிலங்கள், பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய மீனவர் குப்பங்கள் ஆகியன சுற்றிலும் உள்ளன. கறவைமாடும் ஆடும் தெருநாயும் தொழிலாளர் குடியிருப்புகளும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. மனிதரையும் விலங்கையும் ஒருசேரத் தாக்கும் ஈயின் நோக்கில் இது ஒரே புலமாகும்.

இத்தகைய வாழ்நிலையில் புண் உண்டாகும் வழிகள் பல. வேலிக்கம்பி, சாலையோரத் தகட்டுத் துண்டு, வாகன மோதல் ஆகியவற்றால் மேயும் மாடு காயமுறுகிறது. கோமாரி நோயால் குளம்பிடையில் ஏற்படும் புண்ணும், இந்தியாவில் 2019ஆம் ஆண்டு முதலில் கண்டறியப்பட்ட பெரியம்மை எனப்படும் தோல்கழலை நோயின் முடிச்சுகள் உடைந்த புண்ணும் ஈக்கு இடமளிக்கின்றன. மழைக்காலத்தின் ஈரப்பதமும் மிதமான வெப்பமும் ஈக்குச் சாதகமானவை. தென்மேற்குப் பருவமழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் மழை பெறும் இம்மாவட்டத்தில் அக்காலம் நீள்கிறது.

மனிதரிடையே இடருக்கு உள்ளாவோர் யார் என்பதும் எண்ணத்தக்கது. நீரிழிவு நோயால் கால் உணர்விழந்தவர், தொழுநோயால் உணர்விழந்தவர், படுக்கையில் கிடக்கும் முதியவர், காதில் நெடுநாள் சீழ் வடிபவர், மூக்கின் உட்சவ்வு நலிந்து துர்நாற்றமுடைய பொருக்கு உண்டாகும் நோயுடையவர், மதுமயக்கத்தில் வெளியிடத்தில் உறங்குபவர் ஆகியோர் மருத்துவ நூல்கள் பொதுவாகச் சுட்டும் பிரிவினர். தொழிற்பகுதியைப் பொறுத்து மேலும் ஒன்றைக் கருதவேண்டும். திருகுப்புழு ஈ பகலில் இயங்குவது. இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குபவர், ஈ இயங்கும் நேரத்திலேயே அசைவற்றுக் கிடக்கிறார். காலில் மூடாத வெட்டுக்காயத்துடன் சன்னல் வலையில்லாத அறையில் உறங்கும் தொழிலாளியின் நிலை, இவ்வகையில் படுக்கை நோயாளியின் நிலைக்கு ஒப்பானது. மொழியறியாத ஊரில், விடுப்பெடுத்தால் கூலி குறையும் என்னும் அச்சத்துடன் வாழும் புலம்பெயர் தொழிலாளிக்குச் சிறு புண்ணும் காட்டத்தகாத ஒன்றாகிவிடுகிறது. அதில் புழுவும் கண்டால், வெட்கம் அவரை மேலும் மறைந்திருக்கச் செய்கிறது. புழுவுக்குத் தேவையான ஐந்தாறு நாள்களை இவ்வாறு நாமே அளிக்கிறோம்.

மரபு மருத்துவமும் இக்கால மருத்துவமும்

புழுவின் மூச்சுத்துளை வாலில் உள்ளது என்னும் ஒரே செய்தி, பல மருந்துகளின் செயலை விளக்கப் போதுமானது. எண்ணெய் புண்ணை நிரப்பும்போது காற்றின்றிப் புழு மேலே வருகிறது. அப்போது இடுக்கியால் பற்றி எடுக்கலாம். தேசியப் பால்வள வாரியம் பரப்பிவரும் மரபுவழிக் கால்நடை மருத்துவக் குறிப்புகளில், புழு வைத்த புண்ணுக்கு முதல்நாள் மட்டும் கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெய் அல்லது சீத்தா இலை விழுது கூறப்பட்டுள்ளது. அதன்பின் குப்பைமேனி, பூண்டு, வேப்பிலை, மஞ்சள், மருதாணி, துளசி ஆகியவற்றை எண்ணெயில் காய்ச்சிப் பூசுமாறு அக்குறிப்பு கூறுகிறது. புழுவை வெளியேற்றுதல், பின்னர் புண்ணை ஆற்றுதல், ஆறும்வரை ஈயை விலக்குதல் என்னும் மூன்று படிநிலைகளும் இதில் முறையாக அமைந்துள்ளன.

மருத்துவமனைகளில் கற்பூரத்தைலம் எனப்படும் டர்பன்டைன் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைத்துப் புழுக்களை வெளிக்கொணர்வதும், ஒவ்வொன்றாக முழுமையாக எடுப்பதும், தேவைக்கேற்ப ஐவர்மெக்டின் அளிப்பதும் வழக்கம். பாதியில் அறுந்த புழு புண்ணுக்குள் தங்கினால் அழற்சி மிகும். மறைந்திருந்தவை மறுநாள் வெளிப்படுமாதலின் அடுத்தடுத்த நாள்களிலும் புண்ணை ஆராயவேண்டும். கறவைமாட்டுக்கு ஐவர்மெக்டின் செலுத்தினால் அது பாலிலும் கலக்கும். ஆகவே கால்நடை மருத்துவர் கூறாமல் அதனைப் பயன்படுத்தலாகாது.

இதற்கு மாறாக மண்ணெண்ணெய், பினாயில், பூச்சிக்கொல்லித் தூள், அந்துருண்டைப் பொடி ஆகியவற்றைப் புண்ணில் இடுவது தீங்கானது. இவை புழுவோடு உயிருள்ள திசுவையும் எரிக்கின்றன. விலங்கு புண்ணை நக்கும்போது நஞ்சாகின்றன. ‘புழு’ என்னும் ஒரே சொல் குடற்புழுவுக்கும் ஈப்புழுவுக்கும் வழங்குவதால் குடற்புழு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்போரும் உண்டு. அல்பெண்டசோல் போன்ற அம்மாத்திரைகள் ஈப்புழுவுக்குரியவை அல்ல. இங்கும் சொல்லின் மயக்கம் நாள்களை விழுங்குகிறது.

பலரும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. புண்ணிலிருந்து எடுத்த புழுவை உயிருடன் தரையில் எறிந்தால், அது மண்ணுள் புகுந்து ஈயாகி மீண்டும் வரும். கொதிநீரில் இட்டுக் கொன்ற பின்னரே அதனை அப்புறப்படுத்தவேண்டும். ஒரு மாட்டின் புண்ணைக் குணப்படுத்துவது அடுத்த வீட்டு நோயாளியின் காலைக் காப்பதற்கும் உதவுவது இம்முறையிலேயே.

உலக அனுபவம்

அமெரிக்கக் கண்டத்துத் திருகுப்புழு ஈ வேறோர் இனத்தைச் சேர்ந்தது. அதன் பெண் ஈ பெரும்பாலும் ஒருமுறையே இணைசேரும் என்பதை அறிந்த எட்வர்டு நிப்லிங், கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைப் பெருமளவில் பறக்கவிட்டு அவ்வினத்தை ஒழிக்கும் வழியை வகுத்தார். 1954இல் குராசோ தீவில் அது வெற்றி பெற்றது. பின்னர் ஐக்கிய அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் ஈ ஒழிக்கப்பட்டது. லிபியாவில் 1988இல் கண்டறியப்பட்ட தாக்கமும் இம்முறையாலேயே முடிவுக்கு வந்தது. எனினும் 2024 நவம்பரில் மெக்சிகோவில் அவ்வீ மீண்டும் காணப்பட்டது. ஒழித்த இடத்திலும் கண்காணிப்புத் தளர்ந்தால் ஈ திரும்பும் என்பது இதனால் விளங்கும்.

பழைய உலகத் திருகுப்புழு ஈக்கு எதிராக இத்தகைய பெருநில ஒழிப்பு நிகழவில்லை. இவ்விரு ஈக்களின் தாக்கமும் உலக விலங்குநல அமைப்பின் நோய்ப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஈ நிலைபெற்றுள்ள நம் நாட்டில், அதனை ஒழிக்கும் வழியைக் காட்டிலும் புண்ணைக் காக்கும் வழியே இன்று கைக்கெட்டியதாக உள்ளது.

அவ்வழிக்குரிய அமைப்புகள் தமிழ்நாட்டில் முன்பே உள்ளன. 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நீரிழிவு நோயாளர், படுக்கை நோயாளர் ஆகியோரின் இல்லங்களுக்கே பணியாளர் செல்கின்றனர். கால்நடைக்கு 1962 என்னும் எண்ணில் அவசர ஊர்தி கிடைக்கிறது. இல்லம் செல்லும் பணியாளர் நோயாளியின் காலையும் மூக்கையும் பார்ப்பதோடு, கொட்டிலில் நிற்கும் மாட்டின் புண்ணையும் விசாரித்தறிந்து தெரிவித்தால், இரு துறைகளும் ஒரே ஈயை இரு முனையிலிருந்தும் தடுக்க இயலும். தொழிற்சாலைகளின் முதலுதவிப் பெட்டியில் உள்ள கட்டுத்துணி, குருதியை நிறுத்துவதற்கு மட்டுமன்றி ஈயைத் தடுப்பதற்கும் உரியது என்பதைத் தொழிலாளர்க்கு அவரவர் மொழியில் விளக்குவதும் இயல்வதே.

முடிவுரை

ஈப்புழுத் தாக்கத்தை உண்டாக்குவது ஈயின் முட்டை. புண் அதற்கு இடமும் உணவும் மட்டுமே. இந்திய நிலையில் முதன்மையான திருகுப்புழு ஈ உயிருள்ள திசுவை நாடுவதாதலின், புழுவைத் தூய்மையின்மையின் அடையாளமாகவோ தீவினையின் பயனாகவோ கொள்ளுதல் பொருந்தாது. முட்டையிட்டது முதல் புழு விழும்வரை உள்ள ஒரு வார காலத்தில், முதல் ஒன்றிரண்டு நாள்களே மருத்துவத்திற்கு எளியவை. அந்நாள்களை வெட்கமும் சொல்மயக்கமும் கவர்ந்துகொள்கின்றன.

கால்நடையும் தொழிலாளரும் அருகருகே வாழும் கும்மிடிப்பூண்டி போன்ற வட்டாரங்களில் மனித மருத்துவமும் கால்நடை மருத்துவமும் இணைந்து செயற்படுவது இன்றியமையாதது. ‘புண் புழுத்தது’ என்பதற்கு மாற்றாக ‘புண்ணில் ஈ முட்டையிட்டது’ என்று நலக்கல்வி ஏடுகளும் பாடநூல்களும் எழுதத் தொடங்குமாயின், பழி நோயாளியிடமிருந்து ஈக்கு மாறும். புண்ணை மறைக்கவேண்டும் என்னும் எண்ணம், புண்ணை மூடவேண்டும் என்னும் அறிவாக மாறும்.